செவ்வாய்க்கிழமைச் சைக்கிள்

உளவளத்துணை என்கிற மன ஆலோசனைக்கு முதன்முதலாகப் போகிறவர்கள் என்னவெல்லாம் தெரிந்துகொண்டு போகவேண்டும் என்று என்னைக் கேட்டால், சைக்கிளை எங்கே விடப்போகிறீர்கள் என்று யோசித்துவிட்டுப் போங்கள் என்பேன். மற்றதெல்லாம் அங்கே இருக்கிறவர்கள் சொல்லித் தருவார்கள். இதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. அதனால் என் மச்சாளின் கலியாணம் குழம்பியது. இதை வாசித்துவிட்டு, இவவுக்கு இன்னும் சுகம் வரவில்லைப்போல என்று சொல்ல விரும்புகிறவர்கள் தாராளமாகச் சொல்லலாம். நான் கேட்டுப் பழகிவிட்டேன்.

அது 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு வந்த சமாதான காலம். கண்டி வீதி திறந்து, வவுனியாவிலிருந்து சாமான் வரத் தொடங்கி, சண்டைக் காலத்தில் தடைசெய்திருந்த ரோச் பற்றரியும் சவர்க்காரமும் ஒளிக்காமல் வாங்கக்கூடிய பொருட்களாகிவிட்டிருந்தன. நான் முரசுமோட்டையில் முன்பள்ளி ஆசிரியை. வயது முப்பத்தெட்டு. கணவர் வயல் செய்கிறவர். வீட்டில் அவருடைய அம்மா, அதாவது என் மாமியும், அவருடைய கடைசித் தங்கையும் எங்களோடு இருந்தார்கள். அந்தத் தங்கைதான் நான் சொன்ன மச்சாள். இருபத்தாறு வயது. தையல் மெசின் வைத்து ஊருக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுத்தாள். அவளுக்கு மல்லாவியில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம்.

சண்டை நடந்த வருடங்களில் எனக்கு ஒரு நோய் வருத்தமும் இருக்கவில்லை. விமானச் சத்தம் கேட்டால் பிள்ளைகளை எண்ணி எண்ணிப் பதுங்குகுழிக்குள் இறக்கிவிட்டுக் கடைசியாக இறங்குகிறவள் நான். சமாதானம் வந்து ஒரு வருடம் போனபிறகுதான் எல்லாம் தொடங்கியது. ஒருநாள் பத்து மணிபோல வீதியில் போன லொறியின் ரயர் வெடித்தது. அது ரயர் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, ஓடுங்கோ என்று கத்தி இருபத்திரண்டு பிள்ளைகளையும் வளவின் மூலைக்குத் துரத்தினேன். முன்பு அங்கேதான் பதுங்குகுழி இருந்தது. அதை நாங்களே மூடி மரவள்ளி நட்டு மாதக்கணக்காகிவிட்டது. பிள்ளைகள் மரவள்ளிக்குள் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ரீச்சர் புது விளையாட்டுக் காட்டுகிறா என்று நினைத்துவிட்டார்கள். நானோ மரவள்ளித் தடிகளைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்துகொண்டு குழியின் வாசலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருந்தது. ஒரு துணிப்பை. குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, என் கலியாணம் பதிந்த எழுத்துத் துண்டு எல்லாம் அதற்குள் இருந்தன. அதை நான் கீழே வைப்பதில்லை. முன்பள்ளிக்குப் போனாலும் தோளில், கிணற்றடிக்குப் போனாலும் தோளில். சமாதானம் வந்தபிறகும் அப்படித்தான்.

நெஞ்சு படபடக்குது என்று போனபோது, ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு, டாக்குத்தர் ஒரு துண்டு எழுதித் தந்தார். கிளிநொச்சி ரவுணில் உளவளத்துணை செய்கிற ஒரு வீட்டுக்குப் போகும்படி அதில் இருந்தது. ஷெல் பட்டுப் பாதி போன கல்வீட்டுக்குத் தகரம் போட்டு நடத்தினார்கள். சனம் அதற்கு வைத்த பெயர் வேறு. விசர் பாக்கிற வீடு, பைத்தியம் பார்க்கிற இடமாம். கணவரிடம் துண்டைக் காட்டினேன்.

“உனக்கென்ன விசரே, உங்கயெல்லாம் போறதுக்கு?” என்றார்.

அதற்குமேல் அவரோடு கதைக்கவில்லை. துண்டைக் கிழித்துப்போட்டேன் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நான் அதைப் பைக்குள் வைத்திருந்தேன். போகவேண்டாம் என்று அவர் சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவேளை போயிருக்கமாட்டேன். என் குணம் அப்படி.

இனிச் சைக்கிளுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஆளைக் காணத் தேவையில்லை, சைக்கிளைக் கண்டால் போதும். வேலியோடு சாத்திக்கிடக்கிற சைக்கிளைப் பார்த்துவிட்டு, உள்ளே நிற்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். என் சைக்கிள் கணவருடைய பழைய ஆண்கள் சைக்கிள். கரியரில் எப்போதும் ஒரு சின்னக் கரும்பலகை கட்டியிருக்கும். அது அந்த வீட்டு வாசலில் நின்றால், பின்னேரத்துக்குள் முரசுமோட்டையிலிருந்து கண்டாவளைவரை தெரிந்துவிடும். ரீச்சருக்கே விசர் என்றால் பிள்ளைகளை யார் விடுவார்கள்? ஆகவே மச்சாளின் சைக்கிளைக் கேட்டேன். வவுனியாவிலிருந்து வந்த புதுச் சைக்கிள், நீல நிறம், முன்னுக்குக் கூடை. செவ்வாய்க்கிழமைகளில் ரவுணில் முன்பள்ளிப் பயிற்சி என்று அவளுக்கு ஒரு பொய் சொன்னேன். மாமி செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் அம்மன் கோயிலில் நிற்பா என்பதால் அந்தப் பக்கத்தாலும் கேள்வி இல்லை.

புதுச் சைக்கிள், ரவுணில் இதைப்போல எத்தனையோ ஓடுகிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு போனேன். சீற்றுக்கு அவள் மஞ்சள் துணியில் சுருக்கு வைத்து உறை தைத்துப் போட்டிருந்தாள். அந்தச் சுருக்கு அவள் தைக்கிற சட்டைகளின் கழுத்தில் வருகிற அதே சுருக்கு. வன்னியிலேயே அப்படி ஒரு சீற் அதுமட்டும்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். நான் மறைத்தது அந்த வகை. போதாததற்கு, அந்த வீட்டுக்கு நேரெதிரே ஒரு சைக்கிள் திருத்துகிற கடை.

உள்ளே இருந்த உளவளத்துணையாளர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைந்த பிள்ளை. முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கழுத்தில் சின்னச் சிலுவை. சேலை கட்டத் தெரியாமல் கட்டியிருந்தது. இந்தக் குஞ்சோ எனக்கு வைத்தியம் பார்க்கப்போகுது என்று எனக்கு எரிச்சல் வந்தது. கதிரையில் இருந்தவுடன் பையைத் திறந்து, குடும்ப அட்டை, அடையாள அட்டை, கிராம அலுவலரின் கடிதம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். எங்கள் வாழ்க்கையில் எந்த வாசலுக்குப் போனாலும் முதலில் செய்கிற வேலை அதுதான்.

“இதெல்லாம் என்னத்துக்கு அக்கா?” என்று கேட்டாள்.

“பதியிறதுக்கு.”

“இஞ்ச இதையெல்லாம் பதியிறேல்லை.”

“பதியாட்டி நான் ஆரெண்டு உங்களுக்கு என்னெண்டு தெரியும்?”

“நீங்கள் சொன்னாத் தெரியும். சொல்ல விருப்பமில்லாட்டியும் பரவாயில்லை.”

குடும்ப அட்டை கேட்காத இடத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு நிம்மதி வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் சொல்லவேண்டியதைச் சொல்லத் தொடங்கினாள். கிழமைக்கு ஒருநாள், ஐம்பது நிமிடம். மருந்து தரமாட்டாள். சாமான் ஒன்றும் கிடைக்காது. இப்படிச் செய், அப்படிச் செய் என்று புத்தி சொல்லவும் மாட்டாள்.

“அப்ப நீங்கள் என்னதான் செய்வீங்கள்?”

“கேப்பன்.”

“கேக்கிறதுக்கு எங்கட வீட்டில மாடு நிக்குது.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தது எனக்குப் பிடித்தது. பிறகு, அழவேண்டும் என்று கட்டாயமில்லை, முழுவதும் சொல்லவேண்டும் என்றும் இல்லை என்றாள். “முதல் மூண்டு நாலு கிழமை முந்தியைவிட மோசமாத் தெரியலாம். புண்ணைக் கழுவேக்க எரியுமெல்லே, அப்பிடி. அதுக்குப் பயந்து விட்டிட்டுப் போகாதேங்கோ. ஆனா நிப்பாட்ட வேணுமெண்டு உங்களுக்குப் பட்டா நிப்பாட்டலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.”

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். “இதுக்குள்ள கதைக்கிறது இதுக்குள்ளதான். ஆர் வந்து கேட்டாலும் சொல்லமாட்டன். நீங்கள் உங்களுக்கோ வேற ஆருக்குமோ கேடு செய்யப்போறீங்கள் எண்டு தெரிஞ்சா மட்டும் பேசாமல் இருக்கமாட்டன். அதையும் முதல் உங்களிட்டச் சொல்லிப்போட்டுத்தான் செய்வன்.”

“ஆர் கேட்டாலுமோ?” என்று கேட்டேன். இயக்கத்தின் கையில் இருந்த அந்தக் காலத்து வன்னியில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“ஓம். ஆர் கேட்டாலும்.”

அப்போதுதான் அவளைக் குஞ்சு என்று நினைத்தது பிழை என்று எனக்குப் பட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. “அப்ப நானும் சொல்லுறன். நான் அழமாட்டன். என்னைப் பாவம் எண்டு சொல்லக்கூடாது. இந்தப் பையை மடியில இருந்து எடுங்கோ எண்டும் சொல்லக்கூடாது” என்றேன்.

“சரி அக்கா” என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

ஆறு செவ்வாய்க்கிழமை அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, வயலைப் பற்றியும் மாமியைப் பற்றியும் முன்பள்ளிக் கூரையைப் பற்றியும் கதைத்தேன். ஏழாவது கிழமை, அவள் ஒன்றும் கேட்காமலே, அப்பாவைப் பற்றிச் சொன்னேன். தொண்ணூற்றாறில் நாங்கள் வீட்டைவிட்டு ஓடியபோது, இதே பையை வீட்டில் விட்டுவிட்டு வந்தது பாதி வழியில் எனக்கு ஞாபகம் வந்தது. அப்பா, பையை விட்டிட்டு வந்திட்டம் என்று நான்தான் சொன்னேன். அப்பா திரும்பிப் போனார். பை வந்து சேர்ந்தது, வேறு ஒருவரின் கையில். அப்பா வரவில்லை. இதை என் கணவருக்குக்கூட இந்த வடிவில் நான் சொன்னதில்லை. அப்பா பையெடுக்கப் போனார் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். நான் சொல்லித்தான் போனார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவள் பாவம் என்று சொல்லவில்லை. உங்களில் பிழையில்லை என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழும்பிப் போயிருப்பேன். “அண்டைக்கு அப்பா என்ன உடுப்புப் போட்டிருந்தவர்?” என்று மட்டும் கேட்டாள். அதற்குத்தான் நான் அழுதேன். முடிந்து எழும்பும்போது பை கதிரைக்குக் கீழே கிடந்தது. எப்போது வைத்தேன் என்று எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். 2008 கடைசியில், சண்டை திரும்ப வந்து, திரும்பவும் ஓடினோம். அப்போது அந்தப் பை தேவைப்பட்டது. அதற்குள் இருந்த ஒவ்வொரு கடதாசியும் முகாமில் தேவைப்பட்டது. நீலச் சைக்கிளை ஒரு வீதியோரத்தில் விட்டுவிட்டு நடந்தோம். அந்த உளவளத்துணைப் பிள்ளை என்ன ஆனாள் என்று இன்றுவரை தெரியாது. ஆகவே, சமாதானம் வந்தபிறகும் பையைச் சுமந்தவள் விசரி என்று யாரும் என்னிடம் சொல்லவேண்டாம். நான் பயந்ததில் பிழையில்லை. பயம் என் அப்பாவின் சாவோடு சேர்ந்து முடிச்சு விழுந்து கிடந்தது. அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் நான் போனேன், பயத்தை விடுவதற்கு அல்ல.

சரி, சம்பந்தத்துக்கு வருவோம்.

பெண் எடுக்கிறவர்கள் விசாரிப்பார்கள். அது வழமை. வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிடுவதற்கு முதலே, கடையில், சந்தையில், பஸ் தரிப்பில் நாலு பேரிடம் பிள்ளை எப்படி என்று கேட்டுவிடுவார்கள். மல்லாவிக்காரர் ரவுணில் விசாரித்தது அந்தச் சைக்கிள் கடைக்காரரிடம். எங்கள் ஊர்ச் சைக்கிள்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர் என்பதால், ஆட்களையும் அவருக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார்கள். அவர் கெட்டவர் இல்லை. தங்கமான பிள்ளை, நல்லாய்த் தைப்பா என்று சொல்லியிருக்கிறார். அதோடு விட்டிருக்கலாம். பாவம் பிள்ளை, செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை முன்வீட்டில் அவவின் சைக்கிள் நிற்கும் என்றும் சொல்லிவிட்டார்.

கலியாணப் புரோக்கர் வந்து முற்றத்தில் நின்றுகொண்டே விசயத்தைச் சொன்னார். “பிள்ளைக்கு மூளையில ஏதோ சுகமில்லையாம் எண்டு கேள்விப்பட்டவை. கொஞ்சம் பொறுத்துப் பாப்பம் எண்டினம்.” கொஞ்சம் பொறுப்பது என்றால் விட்டுவிடுவது என்று அர்த்தம்.

மாமி மகளைப் பிடித்துக்கொண்டா. “நீ அங்க போனனியோ?”

“இல்லையம்மா.”

“அப்ப உன்ர சைக்கிள் என்னெண்டு அங்க நிண்டது?”

மச்சாள் என் பக்கம் திரும்பவே இல்லை. “ரவுணில எத்தினை நீலச் சைக்கிள். ஆரோ மாறிச் சொல்லியிருக்கினம்” என்று சொல்லிவிட்டு மெசினில் போய் இருந்துவிட்டாள். மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதா. நான் குசினிக்குள் போய் ஒளிந்தேன். வேறு சொல் இல்லை, ஒளிந்தேன். வாய் கிழியக் கதைக்கிற நான் அன்றைக்கு அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து எரிகிற விறகைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் தண்ணீர் குடிக்க வந்தாள்.

“பயிற்சி முடிஞ்சுதோ அண்ணி?” என்று மெல்லக் கேட்டாள்.

“உனக்கு எப்பவிருந்து தெரியும்?”

“மூண்டாம் கிழமையே தெரியும். பயிற்சிக்குப் போறாக்கள் எழுதக் கொப்பி பேனை கொண்டு போவினம். நீங்கள் பையைத்தான் கொண்டு போனீங்கள்.”

“ஏன் பிள்ளை கொம்மாவுக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்தன்” என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அதனால்தான் கூடுதலாகச் சுட்டது.

அடுத்தநாள் புதன்கிழமை. செவ்வாய்க்கிழமைவரை பொறுக்க என்னால் முடியவில்லை. என்னுடைய சொந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரவுணுக்குப் போனேன். அந்தப் பிள்ளை வேறு ஆளோடு கதைத்து முடிக்கும்வரை காத்திருந்து, நடந்ததைச் சொன்னேன். “நீங்கள் ஒரு கடிதம் தாங்கோ. என்ர மச்சாள் இஞ்ச ஒருநாளும் வரேல்லை எண்டு மட்டும் எழுதுங்கோ. அது உண்மைதானே.”

“உண்மைதான் அக்கா. ஆனா எழுதமாட்டன்.”

“ஏன்?”

“இண்டைக்கு ஒராள் வரேல்லை எண்டு எழுதித் தந்தா, நாளைக்கு இன்னொராளுக்கும் கேப்பினம். அந்த ஆள் வந்த ஆளா இருந்தா நான் என்ன செய்யிறது? எழுதாமல் விட்டா, வந்தது எண்டு விளங்கிப்போடும். அதால ஆர் வந்தது, ஆர் வரேல்லை, ரெண்டையும் நான் சொல்லமாட்டன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு பிள்ளையின் வாழ்க்கை போகிறது, நீ சட்டம் கதைக்கிறாய் என்று ஏசினேன். உங்களுக்குக் கலியாணமாகாத தங்கச்சி இருந்தால் தெரியும் என்றும் சொன்னேன். அவளுடைய கண் கலங்கியது, ஆனால் இறங்கி வரவில்லை. நான் ஏசி முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அக்கா, வாயைக் கட்டினது எனக்கு. உங்களுக்கில்லை. நீங்கள் ஆருக்கும் சொல்லலாம். சொல்லாமலும் விடலாம். அது உங்கட கையில இருக்கு” என்றாள்.

போகும்போது படியில் காறித் துப்பாத குறை. ஆனால் பரந்தன் சந்தி வருவதற்குள் அவள் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. அவள் எழுதித் தருகிற ஆளாக இருந்திருந்தால், அப்பாவின் கதையை அவளிடம் சொல்லியிருக்கமுடியாது. இரகசியம் என்னுடையது. அவள் அதற்குக் காவல்மட்டும்தான். என் வேலையை அவள் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன்.

அன்று மத்தியானமே மாமிக்கும் கணவருக்கும் சொன்னேன். கணவர், “உனக்கு வேண்டாமெண்டு சொன்னனான்” என்றார். “சொன்னீங்கள். அதாலதான் போனனான்” என்றேன்.

அடுத்தநாள் பஸ் ஏறினேன். மாங்குளத்தில் இறங்கி மல்லாவி பஸ்ஸுக்குக் காத்து நின்றபோதுதான் கவனித்தேன், தோளில் பை இல்லை. வீட்டில் அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஒரு நிமிடம் வெறும் தோளைத் தடவினேன். பிறகு பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

மாப்பிள்ளையின் தாய் நல்ல மரியாதையான மனிசி. கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, உபசரித்தா. நான் சுற்றி வளைக்கவில்லை. “செவ்வாய்க்கிழமையில அங்க போறது நான். சைக்கிள்தான் பிள்ளையின்ர. எனக்கு நெஞ்சு படபடப்பு, பயம். அதுக்குத்தான் போறன்” என்றேன். மரவள்ளித் தோட்டத்தில் குழி தேடியதையும் சொன்னேன். அவ சிரிக்கவில்லை. பிறகு முகம் தெளிந்து, “நீங்கள் கலியாணம் கட்டி வந்தனீங்கள்தானே. அப்ப அந்தப் பிள்ளைக்கும் உங்களுக்கும் ரத்தமில்லை” என்றா.

“ஓம்” என்றேன்.

அந்த ஓமுக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவ கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான். ஆனால் அது ரத்தத்தில் ஓடுகிற பழுது என்று அவ சொல்லாமல் சொன்னதற்கும் சேர்த்தல்லவா தலையாட்டினேன்? எங்கள் ரத்தத்தில் அப்படி ஒன்றும் இல்லை, குண்டோடு சேர்ந்து வானத்திலிருந்து விழுந்தது என்று சொல்லியிருக்கவேண்டும். சம்பந்தம் பிழைத்துவிடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தேன்.

சனிக்கிழமை புரோக்கர் திரும்ப வந்தார். இந்தமுறை கதிரையில் இருந்தார். “பிள்ளையில குறையில்லை எண்டு விளங்கிட்டுதாம். வாற மாதமே கலியாண எழுத்தை வைப்பம் எண்டினம். ஒண்டுதான். அண்ணிக்காரி அங்க போறதை நிப்பாட்டவேணுமாம். நாலு சனம் கதைக்குமெல்லே.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமி கையெடுத்துக் கும்பிட்டா. வயதான மனிசி, என்னைக் கும்பிட்டா. நிற்பாட்டலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்று முதல்நாளே அந்தப் பிள்ளை சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் நிற்பாட்டுவது நானாக இருக்கவேண்டும், மல்லாவியில் இருக்கிற ஒரு மனிசியாக இருக்கக்கூடாது. அப்பாவைப் பற்றி இப்போதுதான் பாதி சொல்லியிருந்தேன். மிச்சப் பாதி இன்னும் சொல்லாமல் கிடந்தது. ஆனாலும் பிள்ளைக்கு இருபத்தாறு வயது. “சரி, நிப்பாட்டுறன்” என்றேன்.

கதையின் முடிவை ஒளித்து வைக்கிற ஆள் நான் இல்லை. மல்லாவிச் சம்பந்தம் நடக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து மச்சாள் கண்டாவளையில் கலியாணம் கட்டினாள். அவர்கள் விசாரித்தார்களோ தெரியாது. விசாரித்திருந்தால், எல்லாம் தெரிந்துகொண்டுதான் கட்டியிருப்பார்கள்.

நான் சரி என்று சொன்னதற்கு அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை பின்னேரம், மாமி கோயிலுக்குப் போனபிறகு, நான் குசினியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிள் மணி அடித்துக் கேட்டது, கையில் பாத்திரத்தோடு எட்டிப் பார்த்தேன். மச்சாள் நீலச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீற் உறையைத் தோய்த்துப் போட்டிருந்தாள். மஞ்சள் பளிச்சென்று இருந்தது.

“காத்து அடிச்சிட்டன். நேரமாகுது அண்ணி, ஏறுங்கோ.”

“நிப்பாட்டுறன் எண்டு சொல்லிப்போட்டன், பிள்ளை.”

“நான் நேற்றே அவையளுக்குச் சொல்லியனுப்பிட்டன், எனக்கு அந்த வீடு சரிவராது எண்டு.”

பாத்திரம் கையைவிட்டு விழுந்தது. என்ன வேலை பார்த்தாய், கொம்மா செத்துப்போவா என்றெல்லாம் சொன்னேன். அவள் அசையவில்லை.

“உங்களுக்கு வருத்தமெண்டு தெரிஞ்சும் போகவேண்டாமெண்டு சொல்லுற ஆக்கள், நாளைக்கு எனக்கு ஒண்டெண்டா என்ன செய்வினம்? அறைக்குள்ள விட்டுப் பூட்டுவினம். அதுக்கு நான் இஞ்சயே இருந்து சட்டை தைக்கிறன். ஏறுங்கோ.”

கரியரில் ஏறினேன். அவள் மிதித்தாள். பரந்தன் சந்தியால் திரும்பிக் கண்டி வீதியில் ஓடும்போது கண்ட சனமெல்லாம் கண்டது. வழக்கமாக நான் அந்த வீட்டு வளவுக்குள் கொண்டுபோய் மரத்தோடு சைக்கிளைச் சாத்துவேன். அவள் உள்ளே கொண்டுபோகவில்லை. ஒழுங்கை ஓரத்தில், சைக்கிள் கடைக்கு நேரெதிரே ஸ்ராண்ட் போட்டு நிறுத்தினாள். கடைக்காரர் ரியூப்பைத் தண்ணீருக்குள் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணை, வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ” என்றாள். “சைக்கிள் என்ர. போறது அண்ணி. இனி ஆரும் விசாரிச்சா ரெண்டையும் சொல்லுங்கோ.”

“நான் ஒண்டும் பொய் சொல்லேல்லைப் பிள்ளை” என்றார் அவர். முகம் கறுத்துப்போயிருந்தது.

“பொய்யெண்டு நான் சொல்லேல்லை. அரைவாசிதான் சொன்னனீங்கள்.” அவருடைய கடை வாசல் வாங்குப் பலகையிலேயே போய் இருந்து, தன் தையல் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து ஊசியில் நூல் கோர்த்தாள். ஐம்பது நிமிடமும் அங்கேதான் இருந்தாள்.

நான் உள்ளே போனேன். புதன்கிழமை நான் ஏசியதைப் பற்றி அந்தப் பிள்ளை ஒன்றும் கதைக்கவில்லை. கதிரையைக் காட்டினாள்.

இருக்க முதல் சொன்னேன், “இனிப் புதுசா வாறாக்களுக்கு, சைக்கிளை எங்க விடுறது எண்டதையும் சொல்லுங்கோ.”

“எங்க விடச் சொல்ல அக்கா?”

“வாசலில” என்றேன். “ரோட்டில போறாக்களுக்குத் தெரியிற மாதிரி.”